போத்தல் பிடிக்கும் வேலை

எங்கள் மகள் முதுமாணிப் பட்டம் வரை படித்துவிட்டுப் பெற்ற முதல் வேலை, ஒரு போத்தலைப் பிடித்துக்கொண்டிருப்பது. இதைக் கேலியாகத்தான் சொல்கிறேன். ஆனால் இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

இரண்டு நாடுகள். பெயர் வேண்டாம். நடுவில் ஒரு ஏரி. இரண்டு நாடுகளும் எத்தனையோ தலைமுறையாக ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கின்றன. ஏரியில் மீன் செத்து மிதக்கத் தொடங்கியதும் நஞ்சைக் கலந்தது அவர்கள்தான் என்று இவர்களும், இவர்கள்தான் என்று அவர்களும் சொன்னார்கள். இதைக் கேள்விப்பட்டு ஒஸ்லோவில் ஒரு நிறுவனத்துக்கு உற்சாகம் பிறந்தது. இருவரும் சேர்ந்து தண்ணீரை அளந்தால் தண்ணீரில் நம்பிக்கை வரும். தண்ணீரிலிருந்து மீனுக்கு, மீனிலிருந்து வியாபாரத்துக்கு, வியாபாரத்திலிருந்து சமாதானத்துக்கு என்று அந்த நிறுவனத்தின் பணிப்பாளர் வெள்ளைப் பலகையில் வட்டம் வட்டமாக வரைந்து அம்புக்குறி போட்டிருந்தார். எங்கள் மகள் அந்த நிறுவனத்தில்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

குளிர்காலம் முழுவதும் ஒரு ஹோட்டலில் பேச்சுவார்த்தை நடந்தது. ஏரியின் மேற்குக் கரை நாட்டின் ஆள் போத்தலை இறக்கித் தண்ணீர் எடுப்பார், கிழக்குக் கரை நாட்டின் ஆள் மூடி முத்திரை வைப்பார் என்பதுவரை உடன்பாடு வந்துவிட்டது. சிக்கல் நடுவில் இருந்தது. ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் போத்தல் எப்படிப் போவது? மற்றவன் கையிலிருந்து நேராக வாங்க இரண்டு பேருக்கும் சம்மதமில்லை. கடைசியில் மூன்றாவது ஆள் ஒருவர் படகில் இருப்பது, போத்தல் அவர் கை வழியாக மட்டும் போவது என்று முடிவாயிற்று. அந்த ஆள் நடுநிலையான நாட்டவராக இருக்கவேண்டும். நோர்வேக் கடவுச்சீட்டு வைத்திருந்தபடியால் எங்கள் பிள்ளை நடுநிலையானவள் ஆனாள். இடியப்பத்துக்குச் சொதியா சம்பலா என்ற கேள்வியில்கூட வீட்டில் ஒருநாளும் நடுநிலை வகிக்காதவள்.

அவள் அதைச் சொன்னபோது நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, ஏரிக்கு நான்தான் போறன்."

"அங்கை போய் என்ன செய்யப்போறாய்?"

"போத்தலை ஒராளிட்டை வாங்கி மற்றாளிட்டைக் குடுக்கிறது."

சுரங்க ரயில் ஓட்டிவிட்டுச் சீருடையோடு வந்து குந்தியிருந்த என் கணவர், "அதுக்கு மாஸ்டர் படிக்கவேணுமோ?" என்று கேட்டார்.

"அப்பா, இது நம்பிக்கையைக் கட்டியெழுப்பிற வேலை."

"அந்தக் கரையிலை ஆமி நிக்குதோ?" என்றேன் நான்.

"ரெண்டு பக்கமும் நிக்குது. ஆனா போர்நிறுத்தம் இருக்குதம்மா."

போர்நிறுத்தம் என்ற சொல்லை இவள் என்னிடம் வந்து சொல்கிறாள். எங்கள் நாட்டுக்கென்று இதே நோர்வேக்காரர் பேசிக்கொடுத்த போர்நிறுத்தம் காகிதத்தில் மட்டும் உயிரோடு இருந்த மாதங்கள் அவை. ஊரில் இருக்கும் என் தங்கையோடு ஒவ்வொரு ஞாயிறும் கதைப்பேன். போர்நிறுத்தம் போய்க்கொண்டிருக்கும் சத்தம் தொலைபேசியிலேயே கேட்கும்.

"நான் பதுங்குகுழிக்குள்ளை இருந்து படிச்சு சோதினை எழுதினனான், தெரியுமோ உனக்கு?"

"அது உங்கடை கதை, அம்மா," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னாள்.

நான் பாலர் பாடசாலை ஆசிரியை. ஒஸ்லோவில் வந்து திரும்பவும் படித்து அந்த வேலைக்குப் போனேன். அங்கே இரண்டு பிள்ளைகள் ஒரு மண்வெட்டிக்குச் சண்டை பிடித்தால் நாங்களும் இதே வைத்தியத்தைத்தான் செய்வோம்: இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வாளியைக் கொடுத்து, சேர்ந்து வீடு கட்டுங்கள் என்போம். சில நாள் வீடு வரும். சில நாள் வாளி ஒருவன் தலையில் இருக்கும். எப்படியானாலும் நான் எட்டிப் பிடிக்கக்கூடிய தூரத்தில் நிற்பேன். பணிப்பாளரின் வெள்ளைப் பலகையில் அந்த ஆசிரியைக்கு வட்டம் எதுவும் போட்டிருக்கவில்லை.

வசந்தத்தில் இரண்டு நாடுகளிலிருந்தும் பெரிய அதிகாரிகள் கையெழுத்திட வந்தார்கள். கையெழுத்துக்கு முன்னால் அவர்களை ஒரு டுக்னாட்டுக்கு அழைத்துப்போகவேண்டும் என்று பணிப்பாளருக்கு ஆசை. பனி கரைந்ததும் குடியிருப்பில் உள்ள எல்லாரும் ஒருநாள் வாரும் தடியோடு இறங்கி, போன வருடத்து இலையையும் குளிர்காலத்தில் வழுக்காமலிருக்கக் கொட்டிய சரளைக்கல்லையும் சேர்ந்து வாரி அள்ளுவதுதான் டுக்னாட். வைத்தியரும் வாருவார், வேலையில்லாதவரும் வாருவார். நோர்வேக்காரர் கோயிலுக்குப் போகாததற்குக் காரணம் அவர்களிடம் டுக்னாட் இருப்பது என்று நினைக்கிறேன். "எங்கள் குடியிருப்பில், அம்மருட்டில் செய்யலாமே, அங்கே எல்லா நாட்டவரும் சேர்ந்து வாருகிறார்கள்," என்று எங்கள் மகள் யோசனை கொடுத்திருக்கிறாள். என் கணவர் குடியிருப்பு நிர்வாகக் குழுவில் இருந்தார். அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அதில்தான் பிழை வந்தது. வெளிநாட்டு விருந்தாளிகள் வருகிறார்கள் என்றதும் இவரும் எங்கள் தமிழ்க் குடும்பங்களும் முதல்நாளே இறங்கிவிட்டார்கள். வாரி, அள்ளி, நடைபாதையைக் கழுவி, சைக்கிள் கொட்டகையைக்கூடத் துடைத்துவைத்தார்கள். விருந்தாளி வரும் முற்றத்தில் குப்பை கிடக்கலாமோ?

சனிக்கிழமை காலை பணிப்பாளர் சைக்கிளில் முன்னால் வந்து இறங்கினார். தலைக்கவசத்தைக் கழற்றாமலே புல்வெளியைப் பார்த்தார்.

"இலைகள் எங்கே?"

"எல்லாம் நேற்றே கொட்டியாச்சு!" என்றார் என் கணவர் முகமெல்லாம் சிரிப்பாக.

"ஆனால்... அவர்கள் சேர்ந்து வாருவதற்கு ஏதாவது வேண்டுமே."

அந்த நல்ல மனிதரின் முகம் பார்க்கப் பாவமாக இருந்தது. சமாதானத்துக்கு எல்லாம் தயார். குப்பை மட்டும் இல்லை. அதிகாரிகள் வந்துகொண்டிருந்த சிறிய பஸ்ஸை இன்னொரு சுற்றுச் சுற்றிவரச் சொல்லிச் சாரதிக்கு அழைப்புப் போனது. எங்கள் ஆம்பிளைகள் குப்பைத் தொட்டிக்குள் ஏறி, முதல்நாள் அள்ளிப்போட்ட ஈர இலைகளைக் கூடை கூடையாகத் தூக்கி வந்தார்கள்.

"இஞ்சேரும், அந்த மூலையிலை காணாது, இன்னும் கொஞ்சம் போடும்!" என்று இவர் எனக்கே கட்டளை போட்டார். கல்யாண வீட்டில் பூத் தூவுவதுபோல நான் குப்பை தூவினேன்.

இரண்டு அதிகாரிகளும் கோட்டும் மினுங்கும் சப்பாத்துமாக இறங்கினார்கள். ஆளுக்கொரு கையுறையும் வாரும் தடியும் நீட்டப்பட்டன. மேற்கு அதிகாரி என் பக்கம் சாய்ந்து ஆங்கிலத்தில், "இது என்ன தண்டனை?" என்று கேட்டார்.

"தண்டனை இல்லை. இங்கே அமைச்சர்களும் வாருவார்கள்."

"அப்படியானால் அமைச்சரைக் கூப்பிடுங்கள். நான் அதிகாரி மட்டும்தான்."

யார் முதலில் தொடங்குவது என்று இருவரும் தடியை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். பணிப்பாளர் ஒன்று, இரண்டு, மூன்று சொன்னார். பிறகு வாரினார்கள். மேற்கு கிழக்கை நோக்கி வாரியது. கிழக்கு மேற்கை நோக்கி வாரியது. நடுவில் இலையாலேயே நீளமாக ஒரு வரப்பு எழும்பியது. அதைப் பணிப்பாளர் "பொதுவான குவியல்" என்று படம் பிடித்தார்.

மத்தியானம் நிறுவனத்தின் சாப்பாடு திறக்கப்பட்டது: மெல்லிய ரொட்டித்துண்டு, மேலே மண்ணிறச் சீஸ். இரண்டு அதிகாரிகளும் அதைப் பார்த்தார்கள். பிறகு, அன்றைக்கு முதல் தடவையாக, ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் வீட்டிலிருந்து கொண்டுவந்த மட்டன் ரோல்ஸ் தட்டைத் திறந்ததும் இருவரும் ஒரே தட்டுக்கு வந்தார்கள்.

"இவர்கள் ஏன் மத்தியானத்திலும் குளிர்ந்த ரொட்டி சாப்பிடுகிறார்கள்?" என்றார் மேற்கு, யாரிடமும் என்றில்லாமல்.

"வந்த நாளிலிருந்து நானும் அதைத்தான் யோசிக்கிறேன்," என்றார் கிழக்கு. "அந்த மனிதர் தூங்கும்போதாவது தலைக்கவசத்தைக் கழற்றுவாரா?"

இருவரும் சிரித்தார்கள். ஒரே ஆளைப் பார்த்துச் சேர்ந்து சிரித்தார்கள். தூரத்தில் நின்ற பணிப்பாளர் என்னிடம் வந்து, கண் கலங்க, "பார்த்தீர்களா, டுக்னாட் வேலை செய்கிறது," என்றார். நான் ஓம் என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததை அவர் பார்க்கவில்லை. உடுப்புத் தோய்க்கும் அறைப் பக்கம் மேற்கு என்னைத் தனியாகப் பிடித்தார். அவருடைய மகன் ஒஸ்லோவில் படிக்க விரும்புகிறானாம். எந்தெந்தச் சான்றிதழ் வேண்டும், எங்கள் மகள் உதவுவாளா என்று கேட்டார். கொஞ்ச நேரத்தில் சைக்கிள் கொட்டகையடியில் கிழக்கு அதே கேள்வியோடு வந்தார். அவருக்கு மகள்.

"எங்கள் பக்கத்தில் எப்போது என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது," என்றார். "பிள்ளையை அங்கே வைத்திருக்கப் பயமாக இருக்கிறது."

"நல்ல யோசனை," என்றேன். "உங்கள் பிள்ளை இங்கே வரட்டும். என் பிள்ளை அங்கே போகிறாள். மாற்றிக்கொள்வோம்."

அவர் நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். இரண்டு பேருடைய கைபேசி இலக்கத்தையும் வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கினேன் என்று அப்போது யோசிக்கவில்லை. பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்பும் தாய் எந்த இலக்கம் கிடைத்தாலும் வாங்கிவைப்பாள்.

கோடை தொடங்க அவள் போனாள். அழைக்கும்போதெல்லாம் புதினம் சொல்வாள். படகில் இரண்டு கொடி. அளவு ஒன்றாக இருக்கவேண்டும் என்று துணியை அளந்து வெட்டினார்களாம். இயந்திரம் ஒரு நாட்டுடையது, எரிபொருள் மற்ற நாட்டுடையது. படகில் போகும் இரண்டு தொழில்நுட்பக்காரருக்கும் ஒருவர் பாஷை மற்றவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் நேரே கதைக்கமாட்டார்கள். "அந்தாளிட்டைச் சொல்லு, கயிறை இழுக்கச் சொல்லி," என்று எங்கள் மகளிடம் சொல்வார்களாம், அந்தாள் முழங்கை தூரத்தில் இருக்கும்போது. கோபித்துக்கொண்ட புருஷனும் பெண்சாதியும் பிள்ளையைத் தூது விடுவதுபோல. அவள் சிரித்துச் சிரித்துச் சொல்வாள். நானும் சிரிப்பேன். வைத்த பிறகு என் கை தொலைபேசியை விடாது.

இலையுதிர்காலத்தில் ஒருநாள், பாலர் பாடசாலையில் பிள்ளைகளுக்கு மழைக் காற்சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் என் கணவர் நின்றார். என் வேலையிடத்துக்கு அவர் ஒருநாளும் வந்தவரல்ல.

"இஞ்சேரும்," என்றார். "ரேடியோவிலை சொன்னவங்கள். ஏரிப் பக்கம் வெடி."

அவளுடைய தொலைபேசி வேலை செய்யவில்லை. நேரே நிறுவனத்துக்குப் போனோம். கூட்ட அறையில் மெழுகுதிரி ஏற்றிவைத்திருந்தார்கள். மெழுகுதிரியைக் கண்டதும் செத்தவீடு என்றே நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, இருட்டத் தொடங்கினால் இங்கே எல்லாக் கந்தோரிலும் ஏற்றுவதுதான் அது. பணிப்பாளர் கோப்பி ஊற்றித் தந்தார்.

"நாங்கள் நிலைமையை உன்னிப்பாகக் கவனித்துக்கொண்டிருக்கிறோம்," என்றார்.

"எங்கேயிருந்து?"

"இங்கேயிருந்துதான்."

"என் பிள்ளையும் இங்கேயிருந்து கவனித்திருக்கலாமே."

அவர் நம்பிக்கை பற்றி, நீண்டகால நோக்குப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார். "அடுத்த முறை போத்தல் பிடிக்க நீங்கள் போங்கள்," என்றேன்.

"எனக்குச் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்," என்றார். உண்மையாகவே பயந்துபோய்ச் சொன்னார்.

"என்னுடையது வளர்ந்துவிட்டது. அவ்வளவுதான்."

வெளியே நடைக்கூடத்தில் நின்று மேற்கு அதிகாரியின் கைபேசிக்கு அழைத்தேன். "அவர்கள்தான் முதலில் சுட்டார்கள்," என்றார். வேறெதுவும் சொல்ல அவருக்கு அனுமதியில்லையாம். கிழக்கு அதிகாரிக்கு அழைத்தேன். "அவர்கள்தான் முதலில்..." என்று அவரும் தொடங்கினார்.

"யார் முதலில் என்று நான் கேட்கவில்லை," என்றேன். கடிக்கிற பிள்ளைகளிடம் பேசும் குரல் எனக்கு ஒன்று உண்டு. அது தானாக வந்தது. "என் பிள்ளை எங்கே என்று கேட்டேன்."

மறுமுனையில் அவர் எழுந்து நடப்பது கேட்டது. ஒரு கதவு சாத்தப்பட்டது. பிறகு குரல் தாழ்ந்து வந்தது.

"ஏரிக்குள், நாணல் திட்டில் ஒரு பழைய பம்பு அறை இருக்கிறது. மூன்று பேரும் அதற்குள் இருக்கிறார்கள். காயம் இல்லை."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"காலையில் அவர் சொன்னார்."

"எவர்?"

"மற்றவர். உங்கள் வீட்டு ரோல்ஸை என்னோடு சேர்ந்து சாப்பிட்டவர்."

பிள்ளைகளின் விண்ணப்பத்துக்காக, எந்தச் சான்றிதழை எங்கே மொழிபெயர்ப்பது என்று கேட்கத் தொடங்கி, அந்த இருவரும் மாதக்கணக்காகத் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். "உங்கள் நிறுவனத்துக்குத் தயவுசெய்து சொல்லாதீர்கள்," என்றார். "அவர்கள் அறிக்கை எழுதுவார்கள். என் அமைச்சுக்குத் தெரிந்தால் நான் துரோகி. படகு கரைக்கு வரும்வரை இரண்டு பக்கமும் சும்மா இருக்கவேண்டும் என்று முயன்றுகொண்டிருக்கிறோம். இனி அழைக்காதீர்கள். அவரோடு பேச இந்தத் தொலைபேசி எனக்கு வேண்டும்."

சமாதானத்துக்கு இவ்வளவு அம்புக்குறி போட்ட அந்தப் பலகையில் இரண்டு தகப்பன்மார் தங்கள் பிள்ளைகளை வெளியே அனுப்பப் படும் பாடு எங்கேயும் இருக்கவில்லை. எனக்கு அப்போது அதை நினைத்துச் சிரிக்கத் தோன்றவில்லை. அறைக்குள் போய் ஆறிப்போன கோப்பியைக் குடித்தேன். பணிப்பாளர் தொடர்ந்து கவனித்துக்கொண்டிருந்தார்.

பின்னேரம் அவள் அழைத்தாள். கரைக்கு வந்துவிட்டாள்.

"அம்மா, ஒண்டுமில்லை. அவை ரெண்டு பேரும் உள்ளுக்கை சண்டை. சத்தத்தை வச்சு இது உங்கடை துவக்கு, இல்லை உங்கடை துவக்கு எண்டு. என்னைக் கொண்டே சொல்லுவிக்கினம்! வெடி நடக்குது, நான் நடுவிலை படுத்துக் கிடந்து அங்கையும் இஞ்சையும் சொல்லிக்கொண்டிருக்கிறன்."

அவள் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

"நிறுவனத்திலை நான் திரும்பி வரலாம் எண்டு சொல்லுகினம்," என்றாள். "விருப்பம் எண்டால் நிக்கலாமாம். அம்மா... வா எண்டு மட்டும் கேக்காதேங்கோ. கேட்டால் வந்திடுவன்."

என் கணவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் பின்னால் இரண்டு ஆம்பிளைக் குரல் ஏதோ ஒரு பெட்டியை யார் தூக்குவது என்று தர்க்கித்துக்கொண்டிருந்தன. அவள் தொலைபேசியை விலக்கிப் பிடித்து அவர்களை ஒரு அதட்டு அதட்டினாள். அது என்னுடைய குரல்.

"சாப்பிட்டியோ?" என்று கேட்டேன்.

"ஓம்."

கேட்கவேண்டியதை நான் கேட்கவில்லை. அது பெருந்தன்மை என்று யாரும் நினைக்கவேண்டாம். வாயில் வந்தது அந்தச் சாப்பாட்டுக் கேள்வி, அவ்வளவுதான். இன்றுவரை வேலையிடத்தில் கதவு திறந்தால் முதலில் வாசலில் நிற்பது இவருடைய சப்பாத்தா என்று பார்க்கிறேன்.

அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். போன ஞாயிறு அழைத்தாள்.

"அம்மா, ஒரு புதினம். ஒருத்தரிட்டையும் சொல்லக்கூடாது. இப்ப அவை ரெண்டு பேரும் போத்தலை நேரையே குடுத்து வாங்கினம். கதைக்கினம். ஒராள் வீட்டிலை சுட்ட பாணை மற்றாள் சாப்பிடுறார். நான் படகிலை சும்மா வெயில் காயிறன்."

எனக்கு உடம்பெல்லாம் லேசாயிற்று. சமாதானத்தில் எனக்கு இவ்வளவு ஆசை இருப்பது அந்தக் கணத்தில்தான் தெரிந்தது.

"அப்பிடியெண்டால் நீ தேவையில்லைத்தானே! வெளிக்கிட்டு வா பிள்ளை!"

சொல்லிவிட்டேன். ஒரு வருடமாக அடைத்துவைத்த சொல் வாயிலிருந்து விழுந்துவிட்டது.

"வரேலாதம்மா. நான் படகிலை இல்லாட்டி அவை தண்ணிக்குப் போகேலாது. நேரை குடுத்து வாங்கினம் எண்டு மேலை தெரிஞ்சால் ரெண்டு பேரையும் மாத்திப்போடுவினம். பிறகு புதுசா ரெண்டு பேர். திரும்பவும் துணி அளக்கிறதிலை இருந்து துவங்கவேணும். நான் நடுவிலை நிக்கிறமாதிரி நிண்டால்தான் இது நடக்கும்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"தெரியாதம்மா."

தொலைபேசியை வைத்துவிட்டு நின்றேன். இவர் பத்திரிகையைத் தாழ்த்தி, "என்னவாம்?" என்றார்.

"அங்கை சமாதானம் வந்திட்டுதாம்."

"நல்லதுதானே."

"ஓம்," என்றேன். "அதாலை பிள்ளை வரமாட்டாள்."